சொந்தக் கதைய தனி ஆளா மேடையில பேசணும், ஸ்பால்டிங் கிரே பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

காசிமேடு நாடகம்:
வணக்கம் தோழர்ஸ். இங்க ஒரு சின்ன நாடகக் குழுல இருக்கேன், இப்ப தனியா என் கதையவே பேசி ஒரு ஷோ பண்ணலாம்னு ஆசை, ஹார்பர்ல மூட்ட தூக்குன எங்க நைனா, மீன் ஏலத்துல நின்ன எங்க அம்மா, நான் பாதில வுட்ட படிப்பு எல்லாம் வரும். ஸ்பால்டிங் கிரேன்னு ஒரு அமெரிக்கர் வருஷக்கணக்கா இதையே பண்ணாராமே, எழுதி மனப்பாடம் பண்ணி பேசுவாரா? வூட்டு விஷயத்த எவ்ளோ தூரம் வெளிய சொல்லலாம்?

ராயபுரம் மாடி:
1941ல ரோட் ஐலண்ட்ல பொறந்தவரு. நியூயார்க்ல வூஸ்டர் குரூப்னு ஒரு நாடகக் குழுவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு, 1979ல இருந்துதான் தனியா உக்காந்து தன் கதைய பேச ஆரம்பிச்சாரு. செட்டுனு பாத்தா ஒரு மேஜ, நாற்காலி, மைக், ஒரு கிளாஸ் தண்ணி, ஒரு நோட்டு, அவ்ளோதான். மனப்பாடம்லாம் இல்ல ப்ரோ, நோட்டுல குறிப்பு மட்டும் இருக்கும், ஜனங்க முன்னாடி பேசி டேப்ல புடிச்சு திருப்பி கேப்பாரு, எங்க இழுக்குதோ அங்க வெட்டுவாரு, அப்டி பேசிப் பேசியே அது ஒரு உருவத்துக்கு வரும். உங்க கைல போன் இருக்கு, நாலு பேர உக்கார வெச்சு இன்னிக்கே ஆரம்பிங்க.

வியாசர்பாடி வாசகி:
ரெக்கார்ட் பண்றது சரிதான், ஆனா அது மட்டும் பத்தாது. 1984ல கம்போடியா பத்தி வந்த தி கில்லிங் ஃபீல்ட்ஸ் படத்துல அவருக்கு ஒரு சின்ன வேஷம், ஷூட்டிங் தாய்லாந்துல. அந்த அனுபவத்துல இருந்துதான் ஸ்விம்மிங் டு கம்போடியாங்கிற அவரோட தனி ஆள் ஷோ வந்துச்சு, 1987ல ஜொனாதன் டெம்மி அத படமாவும் எடுத்தாரு. அதுல தன் ஆச, பயம் எல்லாம் பேசிட்டே அமெரிக்கா கம்போடியா மேல போட்ட குண்டு, அப்புறம் அந்த நாட்ட ஆண்ட கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் இயக்கம் பண்ண கொலைங்க வரைக்கும் போவாரு, எனக்கு அதுதான் அவரோட பெரிய பலம்னு தோணும். உங்க நைனா கதைல கன்டெய்னர் வந்தப்புறம் மூட்ட தூக்குறவங்க பொழப்பு என்னாச்சுன்னு வந்தே ஆவணும். நம்ம பக்கம் மரண கானா பாடுறவங்கள போய் கேளுங்க, செத்தவரு கதையோட அந்த தெருவும் சேந்துதான் வரும்.

தண்டையார்பேட்ட அக்கா:
தம்பி, வூட்டு விஷயம் கேட்டியே. ஸ்பால்டிங் கிரேவோட அம்மா 1967ல தற்கொல பண்ணிக்கிட்டாங்க, அத அவரு மேடையில திரும்பத் திரும்ப பேசினாரு. 2001ல அயர்லாந்துல கார் விபத்து, மண்ட ஓட்டுலயும் இடுப்புலயும் அடி, அப்புறம் மனச்சோர்வுலேந்து மீளவே இல்ல. 2004 ஜனவரில காணாம போயி மார்ச்சுல நியூயார்க் ஈஸ்ட் ரிவர் ஆத்துல உடம்பு கெடச்சுது. பேசினா எல்லாம் ஆறிடும்னு மட்டும் நம்பி எறங்காதப்பா. ரொம்ப வலிக்கிற எடத்த டாக்டர்கிட்டயோ நெருங்கினவங்ககிட்டயோ மொதல்ல பேசு, மேடை அப்புறம். அம்மா உசிரோட இருக்காங்கன்னா அவங்கள உக்கார வெச்சு முழுசா பேசிக் காட்டு, வேணாம்னு சொல்றத எடுத்துடு.

காசிமேடு நாடகம்:
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்குமே. அம்மாகிட்ட பேசிக் காட்டினேன், ஏலத்துல நடந்த சண்டைய தாராளமா சொல்லுன்னாங்க, கடன் வாங்கின கதை மட்டும் வேணாமாம், அத எடுத்துட்டேன். நைனாவோட வேல செஞ்ச பெரியவரு ஒருத்தரு கன்டெய்னர் வந்த கதைய சொல்றேன்னிருக்காரு, ஞாயித்துக்கெழம போன எடுத்துகினு போறேன்.