6 பைசா வாங்கிட்டு சாயப்பட்டறைய ஓட விட்டிருக்கலாமாம்!

காங்கேயம் காளை:
இந்த ஃபோரத்துலயே பக்கத்து இழைல ஒரு பெரிய மனுசன் எழுதியிருக்காருங்க. 2011 ஜனவரில ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைய மொத்தமா மூடச் சொன்னது முட்டாள்தனமாம், கழிவுத் தண்ணி லிட்டருக்கு 6 பைசா வாங்கிட்டே ஓட விட்டிருந்தா எக்ஸ்டர்னாலிட்டி பிரச்சனை, அதாவது ஒருத்தன் தொழில் பண்ண அடுத்தவன் நஷ்டப்படறது, அன்னிக்கே தீந்திருக்குமாம், பிகுங்கற பொருளாதார அறிஞர் 1920-லயே இதத்தான் சொன்னாராம். படிச்சதும் பத்திக்கிட்டு வருது. திருப்பூருக்குக் கீழ நொய்யல் ஆத்துல கட்டுன ஒரத்துப்பாளையம் அணைய 1992-ல பாசனத்துக்குத்தான் தொறந்தாங்க, தேங்குனது பூரா சாயத்தண்ணி. எங்க தோட்டம் அந்தப் பக்கந்தான். கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். அதுக்கு வெலை 6 பைசாவா?

விலைவாசி வேந்தன்:
அந்தப் பெரிய மனுசன் நாந்தான். அங்கயே கேக்கத் தைரியம் இல்லாம இங்க வந்து தனிக்கடை போட்டாச்சாக்கும். 6 பைசாங்கறது நான் கண்டுபிடிச்சதில்ல, 2006 டிசம்பர்ல ஹைகோர்ட் போட்டது. 2007 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் 6, அப்புறம் 8, அப்புறம் 10. கழிவு விடுறவன் காசு குடு, அவ்ளோதான். ஒரு நாளைக்கு லட்சம் லிட்டர் விடுற பட்டறைக்கு 6000 ரூபா. சும்மா இல்ல.

காங்கேயம் காளை:
அதே உத்தரவுல அடுத்த வரியப் படிக்கலையா? அந்தக் கணக்கெல்லாம் 2007 ஜூலை 31 வரைக்குந்தான், அதுக்குள்ள ஜீரோ டிஸ்சார்ஜ், அதான் சொட்டுக் கழிவும் வெளிய விடாத ஏற்பாடு, வரலேன்னா பட்டறைய மூடுன்னு போட்டிருக்கு. கெடுவுக்கு வெச்ச அபராதத்தக் கொண்டுபோய் நிரந்தர வெலையாக்கிட்டு பிகு பேர வேற இழுக்கறீங்க. சுப்ரீம் கோர்ட்டும் 2009-ல அதத்தான் உறுதி பண்ணுச்சு. சரி, வெலைன்னே வெச்சுக்குவோம், 6 பைசான்னு யாரு அளந்தது? எந்தத் தோட்டத்துல வந்து எந்தக் கெணத்த எட்டிப் பாத்து அளந்தாங்க?

வரைபட வாத்தியார்:
ஒரு நிமிசம். புறவிளைவு, அதான் நீங்க சொல்ற எக்ஸ்டர்னாலிட்டி, அது வேற, பொதுப் பண்டம் வேற. ஆத்துத் தண்ணி பொதுப் பண்டமே கிடையாது, ஒருத்தன் எடுத்தா அடுத்தவனுக்குக் கொறையும். மொதல்ல எதப் பத்திப் பேசறோம்னு...

பனியன் பாண்டி:
வாத்தியாரே அப்புறம் வாங்க. 2011-ல மூடுனப்ப மொதலாளிமாரு யாரும் தெருவுக்கு வரல, மதுரைப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்த எங்க ஆளுகதான் பஸ் ஏறிப் போனாங்க. அதுக்கு எத்தன பைசா காளையண்ணே?

விலைவாசி வேந்தன்:
அப்படிக் கேளுங்க பாண்டி. ஊருக்கு ஒரு நாளைக்கு 8 கோடி லிட்டர் கழிவுன்னு வைங்க, 6 பைசான்னா 48 லட்சம் ரூபா. இழப்பீட்டு ஆணையம் 28,000-த்துக்கு மேல விவசாயிகளுக்குப் போட்ட நஷ்டஈடு மொத்தமே கிட்டத்தட்ட 25 கோடிதான். 52 நாள் வசூல்ல கணக்கு நேராயிரும், மிச்ச நாளெல்லாம் அரசாங்கத்துக்கு லாபம். இதுல என்ன தப்பு?

காங்கேயம் காளை:
அட அட, என்னா கணக்கு! 25 கோடிய 28,000 பேருக்குப் பிரிச்சுப் பாருங்க, தலைக்கு 9000 கூட வராது, அதுவும் சில வருசத்து நஷ்டத்துக்கு மட்டும். அதக் கொண்டுவந்து மொத்த சேதமே இவ்வளவுதான்னு காட்டறீங்க. ரியாக்டிவ் சாயம் துணில ஏறணும்னா மூட்டை மூட்டையா உப்புக் கொட்டணும், அந்தக் காலத்து சிஇடிபி, அதான் பட்டறைக எல்லாத்துக்கும் பொதுவான சுத்திகரிப்பு நெலையம், நெறத்த எடுக்கும், உப்ப எடுக்காது, அதுக்கு ஆர்ஓ வேணும், ஆவியாக்குற மிசின் வேணும், அதுக்குக் காசு போட மனசு வரல, உப்பு நேரா மண்ணுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. நீங்க 6 பைசா வாங்கி கஜானால போட்டா எங்க கெணத்துல இருக்கிற உப்பு எந்திரிச்சுப் போயிருமா? 6 பைசாவாம் 6 பைசா.

கோவை குசும்பன்:
ஏனுங்க, வெள்ளிங்கிரில பொறக்குற நொய்யல் எங்க ஊரத் தாண்டித்தான உங்க ஊருக்கே வருது? கோயமுத்தூர் சாக்கடைக்கு லிட்டருக்கு எவ்வளவுன்னு யாருமே சொல்லலையே ;)

பனியன் பாண்டி:
நல்லவேள ஞாபகப்படுத்துனீங்க, எங்க ஊர் மேல பழி போடறதுக்கு முன்னாடி உங்க சாக்கடைய நிறுத்துங்க.

கோவை குசும்பன்:
ஆத்துல செவப்பும் பச்சையுமா கலர் விட்டது நாங்களாக்கும்?

விலைவாசி வேந்தன்:
ரெண்டு பேரும் தள்ளுங்க. காளை, இப்ப இவ்வளவு பேசறீங்களே, இலவச மின்சார இழைல என்ன பேசுனீங்கன்னு மறந்துருச்சா? ஓசிக் கரண்ட்ல போர் மேல போர் போட்டு பக்கத்துத் தோட்டத்துக் கெணத்த வத்த வெக்கிறது எக்ஸ்டர்னாலிட்டி இல்லையா? அதுக்கு லிட்டருக்கு ஒரு பைசா போடலாம்னு சொன்னதுக்கு என்னைய கார்ப்பரேட் கைக்கூலின்னீங்க. அடுத்தவன் விட்டா அநியாயம், நீங்க உறிஞ்சுனா உரிமையா?

காங்கேயம் காளை:
நல்ல தண்ணி இருந்தப்ப யாரு போர் போட்டது? ஆழமில்லாத கெணறு உப்பானதால ஆழமாப் போனோம். அதுவும் இந்த 6 பைசா கூட்டத்தால வந்ததுதான். பேச்ச மாத்தாதீங்க.

வரைபட வாத்தியார்:
பாத்தீங்களா, ரெண்டுமே பொதுவளப் பிரச்சனை, எல்லாருக்கும் பொதுவான தண்ணிய ஆளாளுக்குக் கெடுக்கறது, நான் ஆரம்பத்துல...

விலைவாசி வேந்தன்:
நொய்யல்லயே இல்லாத ஊர்லயும் போர் போட்டிருக்காங்களே, அங்க எந்தப் பட்டறை உப்பு விட்டுச்சு? பதில் வராதுன்னு தெரியும். பட்டறைகள மூடி என்ன கிழிச்சீங்க, வேற மாவட்டத்துல தோட்டத்துக்குள்ள திருட்டுப் பட்டறை மொளச்சுதுதான் மிச்சம். கடைசில ஜீரோ டிஸ்சார்ஜ் பண்ணக் கூட 200 கோடி வட்டியில்லாக் கடன் அரசாங்கந்தான் குடுத்துச்சு.

காங்கேயம் காளை:
ஆங், நீங்களே சொல்லிட்டீங்க! லாபம் அவனுக்கு, சுத்தம் பண்றதுக்குக் கடன் நம்ம வரிப்பணத்துல. அந்த 200 கோடில 6 பைசா எத்தன இருக்குன்னும் கால்குலேட்டர்ல போட்டுச் சொல்லுங்க.

பனியன் பாண்டி:
கடன்னா திருப்பிக் கட்டணும்ணே. தள்ளுபடி கேட்டுப் பழகுன ஆளுகளுக்கு அது புரியாது.

காங்கேயம் காளை:
டேய், இது யாரப் பாத்துப் பேசற? எங்கய்யன் சொசைட்டிக் கடன பைசா பாக்கியில்லாமக் கட்டுனவரு.

விலைவாசி வேந்தன்:
டேய்-ங்கறதெல்லாம் இங்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சாச்சு.

கோவை குசும்பன்:
எடுங்க எடுங்க, போன தடவ எடுத்ததையே இன்னும் காணமுங்க.