உதவி: தோட்டத்துச் சடக்கில் ரசாயன டாங்கி லோரிக்குத் தடை. வரைபடத்தில் போட்ட பிறகும் வழி அதே பக்கம்தான் காட்டுகிறது

சடக்கோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையை (இப்போது பெஸ்தாரி ஜெயா) ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டம். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து, லயங்களையும் தமிழ்ப்பள்ளியையும் தாண்டி, மறுபக்கம் ஆற்றோர ரோட்டில் ஏறும் சடக்கு ஒன்று இருக்கிறது. டவுனைச் சுற்றாமல் போகலாம் என்பதால் வெளியாட்களும் அதில் வருவார்கள். தோட்டத்தில் யாரும் தடுப்பதில்லை.

கொஞ்ச காலமாக ரசாயனம் ஏற்றிய டாங்கி லோரிகளும் வர ஆரம்பித்துவிட்டன. கேட்டால், போன் காட்டுகிற வழியில் வருகிறோம் என்கிறார்கள். பள்ளி விடுகிற நேரத்தில் பிள்ளைகள் வேலி ஓரமாக நடந்து வருவார்கள். அந்தச் சடக்கில் லோரி வந்தால் ஒதுங்கக்கூட இடம் கிடையாது. சொல்லிச் சொல்லி, தோட்ட நிர்வாகம் கேட்டில் ஒரு பலகை வைத்திருக்கிறது: ‘லோரி தங்கி பஹான் கிமியா டிலாராங் மாசுக்’, அதாவது ரசாயன டாங்கி லோரி நுழையக்கூடாது.

அதைப் பார்த்துத்தான், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தச் சடக்குக்கு ஹேஸ்மேட்=நோ (ஆபத்தான சரக்குக்குத் தடை) என்று குறிச்சொல் போட்டேன். சேமித்தாகிவிட்டது, திறந்து பார்த்தால் தெரிகிறது. ஆனால் அதே தளத்தில் வழி கேட்டால் கோடு இன்னும் பள்ளி முன்னால்தான் போகிறது. ஏன்?

இன்னொரு சந்தேகம். ஆற்றோர ரோட்டில் பலகை எதுவும் இல்லை. ஆனால் அது சுங்கை சிலாங்கூர். கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளுக்குக் குழாயில் போகிற தண்ணீரில் பெரும்பகுதியை இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் 111 பள்ளிகளை மூடினார்களே, அது இங்கே நடந்தால்? அந்த ரோட்டுக்கும் தடை போட்டுவிடலாமா?

வரைகோல் எழுதியது:

வணக்கம் அக்கா. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கார், சைக்கிள், நடை என்று மூன்று வகைக்குத்தான் வழி கேட்க முடியும். லோரி அங்கே இல்லை. காருக்கு ரசாயனத் தடை பொருந்தாது, அதனால் அது அந்தக் குறிச்சொல்லைக் கண்டுகொள்ளாமல் போவது சரிதான்.

சோதிக்க வேண்டுமானால் வல்ஹாலா என்ற வழிகாட்டி மென்பொருளின் சோதனைப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே டிரக் என்று தேர்ந்தெடுத்து, அமைப்புகளைத் திறந்தால் உயரம், எடை, நீளம் எல்லாம் இருக்கும். கூடவே ஆபத்தான சரக்கு ஏற்றியதா என்று ஒரு பெட்டி இருக்கும். அதை நாமே டிக் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சாதாரண லோரி என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம், இன்று நீங்கள் மாற்றியது உடனே அங்கே வந்துவிடாது. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். போனில் ஓஸ்மாண்ட் செயலி வைத்திருந்தால் அதன் வரைபடக் கோப்பு பொதுவாக மாதத்துக்கு ஒருமுறைதான் புதிதாகும்.

எதற்கும் ஒன்றைப் பாருங்கள். குறிச்சொல் சடக்கின் கோட்டில் இருக்கிறதா, பலகையைக் காட்டும் புள்ளியில் இருக்கிறதா? ரோட்டோரப் புள்ளியில் மட்டும் இருந்தால் எந்த வழிகாட்டியும் படிக்காது.

சடக்கோரம் எழுதியது:

கோட்டில்தான் தம்பி. கேட்டிலிருந்து பள்ளி முக்கு வரைக்கும் போட்டிருக்கிறேன். பலகை தனிப் புள்ளியாக இருக்கிறது.

செம்பனை எழுதியது:

நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஹேஸ்மேட்=நோ என்றால் ஆபத்தான சரக்கு ஏற்றிய எந்த வண்டியும் வரக்கூடாது என்று ஆகிவிடாதா? உங்கள் லயத்துக்கு கேஸ் தோங் (சிலிண்டர்) லோரி வருகிறதே, அது எரிவாயு. டிராக்டருக்கு டீசல் வருகிறது. களைக்கொல்லி ஸ்டோருக்கு வருகிறது. 2020-லிருந்து பாராகுவாட் தடையாகிவிட்டாலும் வேறு மருந்துகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன. வரைபடத்தை நம்பி கேஸ் லோரி பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டால், தோங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, நிர்வாகம் எதைத் தடுக்க நினைத்தது என்பதை ஆபீஸில் போய்க் கேளுங்கள். தோட்டத்துச் சடக்கு தனியார் நிலம். அங்கே யார் வரலாம் என்று சொல்லும் உரிமை மானேஜருக்கு உண்டு. நீங்களோ நானோ ஊகிக்கக் கூடாது.

வரைகோல் எழுதியது:

ஐயா சொல்வது முக்கியமான விஷயம், நான் அதை யோசிக்கவில்லை. ஹேஸ்மேட் குறிச்சொல்லுக்கு நோ மட்டுமல்ல, டெஸ்டினேஷன் என்றும் மதிப்பு கொடுக்கலாம். அந்த இடத்துக்கே சரக்கு கொண்டுவருகிறவன் வரலாம், ஊடே கடந்து போகிறவன் வரக்கூடாது என்று பொருள். ஆபீஸில் அப்படிச் சொன்னால் அதுதான் சரியான பதிவு.

ஆனால் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வழிகாட்டிக்கும் இந்த நுணுக்கம் தெரியாது. கிராப்ஹாப்பர் என்ற வழிகாட்டியில் ஹேஸ்மேட்டுக்கு ஆம், இல்லை என்று இரண்டே நிலைதான். டெஸ்டினேஷன் என்று போட்டால் அதை ‘ஆம்’ கணக்கில் சேர்த்துவிடும். அதே கிராப்ஹாப்பர், கனரக லோரிக்கான ஹெச்ஜிவி குறிச்சொல்லில் டெஸ்டினேஷனைத் தனி நிலையாக வைத்திருக்கிறது. ஆகவே ஆபீஸில் இரண்டாவதாக இதையும் கேளுங்கள்: ரசாயனம் இல்லாத வெளி லோரி ஊடே போகலாமா? அதுவும் கூடாது என்றால் ஹெச்ஜிவி=டெஸ்டினேஷன் போடலாம், அதை அதிகமான வழிகாட்டிகள் படிக்கும். கூடும் என்றால் போடக் கூடாது. வழிகாட்டி கேட்க வேண்டும் என்பதற்காக இல்லாத தடையை எழுதினால் அடுத்தவர் அந்த வரைபடத்தை நம்ப மாட்டார்.

ஆற்றோர ரோட்டுக்கும் அதே பதில்தான் அக்கா. தண்ணீரைக் கெடுக்கும் சரக்குக்கென்று ஹேஸ்மேட்:வாட்டர் என்று தனிக் குறிச்சொல் இருக்கிறது. ஜெர்மனியில் அதற்குத் தனிப் பலகையே உண்டு, 269-ஆம் எண். ஆனால் உங்கள் ரோட்டில் பலகை இல்லை, அரசு உத்தரவும் இல்லை என்றால் நம் பயத்தை வைத்து அதைப் போட முடியாது. கிம் கிம் ஆற்றில் நடந்தது திருட்டுத்தனமாகக் கொட்டியது. ரோட்டில் தடை இருந்திருந்தாலும் கொட்டியவர்கள் கொட்டியிருப்பார்கள்.

டாங்கிக்காரன் எழுதியது:

அக்கா, நான் டாங்கி ஓட்டுகிறவன். ரப்பர் பால் ஆலைகளுக்கும் போவேன். உங்கள் சடக்கில் வருகிற லோரியின் பின்னால் இருக்கும் பலகையில் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தீர்களா? 1005 என்றால் தண்ணீர் கலக்காத அமோனியா. 2672 என்றால் தண்ணீரில் கரைத்த அமோனியா. ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியாதான் சேர்ப்பார்கள். 1779 என்றால் பாலை உறைய வைக்கிற பார்மிக் அமிலம். 1005 கசிந்தால் அது நச்சு வாயு. குளிர்ந்து வெளிவரும்போது உடனே மேலே போகாது, தரையோடு படரும். பள்ளிக்கூடம் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். எண்ணைக் குறித்துவைத்து, வண்டி எண்ணோடு அந்தக் கம்பெனிக்குப் போன் போடுங்கள். லோரியில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும். பெரிய கம்பெனிகள் டிரைவருக்குப் போகிற வழியை எழுதியே கொடுக்கும். போனைப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள்.

வரைபடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் பலர் பார்ப்பது வேஸ் அல்லது கூகுள். நீங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதுவது அங்கே வராது, அவர்களுக்குச் சொந்த வரைபடம். அதிலும் காருக்கான வழிதான் கிடைக்கும், லோரியில் என்ன சரக்கு என்று அது கேட்பதே இல்லை.

அதைவிட முக்கியம் பலகை நிற்கிற இடம். கேட்டில் வைத்தால் பயன் இல்லை. பெரிய ரோட்டிலிருந்து திரும்பி கேட்டுக்கு வந்த பிறகு எனக்கு வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. சடக்கில் டாங்கியைப் பின்னால் எடுப்பது முன்னால் போவதைவிட ஆபத்து. பக்கத்தில் கான் (வாய்க்கால்) வேறு இருக்கும். அதனால் பலகையைப் படித்தும் டிரைவர் உள்ளே வரத்தான் செய்வான். பெரிய ரோட்டில், முச்சந்திக்கு முன்னாலேயே ஒரு பலகை வேண்டும். படித்துவிட்டு நேராகப் போய்விடலாம்.

செம்பனை எழுதியது:

இந்தத் தம்பி சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் பெரிய ரோடு தோட்டத்து நிலம் இல்லை, மானேஜர் அங்கே பலகை நட முடியாது. கிலோமீட்டர் கல்லில் எண் பார்த்தீர்களா? ‘பி’ என்று ஆரம்பித்தால் சிலாங்கூர் மாநிலச் சாலை. எழுத்து இல்லாமல் வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை. இரண்டுக்கும் மாவட்ட ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) அலுவலகத்தில் கேட்கலாம். டவுனுக்குள் இருக்கும் சின்னச் சாலை என்றால் நகராண்மைக் கழகம்.

மனு எழுதும்போது மானேஜரின் கடிதத்தை இணையுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் சங்கத்திடமும் கையெழுத்து வாங்குங்கள். பொம்பா (தீயணைப்பு) நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள், கசிவு என்றால் முதலில் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், காகிதமாக இருந்தால் கோப்பில் ஏறும்.

சடக்கோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். மானேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தோட்டத்துக்குச் சரக்கு கொண்டுவரும் லோரி எதுவானாலும் வரலாம், கேஸ், டீசல், மருந்து எல்லாம். வெளி லோரி ஊடே கடந்து போகவே கூடாது, ரசாயனமோ வேறு சரக்கோ. கார், மோட்டார் சைக்கிள் பழையபடி போகலாம். பலகையையும் அப்படியே மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் ஹேஸ்மேட்=டெஸ்டினேஷன், ஹெச்ஜிவி=டெஸ்டினேஷன் இரண்டும்தானே? கார்களுக்கு என்ன போடுவது? அப்புறம், கானுக்கு மேல் இருக்கும் பழைய பாலத்தில் 10 டன் என்று வட்டப் பலகை இருக்கிறது. அதை யாரும் வரைபடத்தில் போடவே இல்லை.

வரைகோல் எழுதியது:

இரண்டும் சரி அக்கா. கார்கள் நிர்வாகத்தின் அனுமதியால் போகின்றன, பொதுச் சாலை என்ற உரிமையால் அல்ல. அதனால் ஆக்சஸ்=பெர்மிசிவ் என்று போடுங்கள்.

பாலத்துக்கு மேக்ஸ்வெயிட்=10. அலகு எழுத வேண்டாம், டன் என்றே எடுத்துக்கொள்ளும். பாலத்தின் இரு முனையிலும் கோட்டை வெட்டி, பாலத்துண்டுக்கு மட்டும் போடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினைக்கு இதுதான் பெரிய மருந்து. சரக்கோடு வரும் டாங்கி லோரி 10 டன்னைத் தாண்டிவிடும், எடையைக் கொடுத்துத் தேடும் லோரி வழிகாட்டி எதுவும் அந்தப் பாலத்தில் ஏற்றாது.

இன்னொன்று கவனியுங்கள். மற்ற குறிச்சொற்கள் கேட்டிலிருந்து பள்ளி முக்கோடு நிற்கக் கூடாது, ஆற்றோர ரோட்டில் சேரும் இடம் வரை போக வேண்டும். நடுவில் பிரிந்து மறுபடி சேரும் செம்பனை வரிசைச் சடக்குகளுக்கும் போடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் வழிகாட்டி அந்த ஓட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பலகை மாறியதும் அதன் வாசகத்தை அந்தப் புள்ளியில் அப்படியே எழுதி, படம் எடுத்து மேப்பில்லரி என்ற சாலைப் படத் தளத்தில் ஏற்றுங்கள். நாளைக்கு வேறொருவர் ஆதாரம் இல்லை என்று அழித்துவிடக் கூடாது.

பள்ளி வளாகத்தையும் வரைந்துவிடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கட்டடம் தெரிகிறது, ஆனால் வரைபடத்தில் இன்னும் பெயர் இல்லாத பச்சை நிலம்தான்.

சடக்கோரம் எழுதியது:

செய்துவிட்டேன். வல்ஹாலாவில் டிரக் வைத்து, ஆபத்தான சரக்கை டிக் செய்து, எடையையும் கொடுத்துப் பார்த்தேன். இப்போது கோடு பெரிய ரோட்டிலேயே டவுனைச் சுற்றிக்கொண்டு போகிறது. காருக்கு மட்டும் சடக்கைக் காட்டுகிறது. இது நிரந்தரம் என்று நினைக்கவில்லை, பலகை மாறினால் குறிச்சொல்லையும் மாற்றுவேன்.

லோரியின் பின்னால் இருந்த எண் 2672. கம்பெனிக்குப் போன் செய்தோம், வழியை மாற்றச் சொல்கிறோம் என்றார்கள். பெரிய ரோட்டின் கல்லில் ‘பி’ இருக்கிறது. மனுவைப் பெற்றோர் சங்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். முச்சந்திக்கு எவ்வளவு முன்னால் பலகை வேண்டும் என்று மனுவில் என்ன எழுதுவது?

டாங்கிக்காரன் எழுதியது:

மீட்டர் கணக்கை ஜே.கே.ஆர். பார்த்துக்கொள்ளும் அக்கா, அவர்களுக்கு வேகத்தை வைத்து விதி இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டியது இரண்டுதான்: ‘டாங்கி லோரி முச்சந்தியில் திரும்பிய பிறகு வெளியேற இடமில்லை’, ‘இரு திசையிலிருந்தும் பலகை வேண்டும்’. டவுன் பக்கத்திலிருந்து மட்டும் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதை மறக்காமல் எழுதுங்கள்.