ஏர் பிஸ்டலில் அடி எல்லாம் கீழே, இடப்பக்கம் போகிறது: கோளாறு துப்பாக்கியிலா, கையிலா?

பத்துமீட்டர்_புதுசு

வணக்கம். மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிளப்பில் சேர்ந்து ஒன்பது மாதம். சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய ரஷ்ய ஏர் பிஸ்டல், இஷ்-46எம், வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரைத் திறந்து மூடி ஒரு பம்ப் காற்று அடிக்கிற வகை. வலது கை.

பரீட்சைக்காக ஐந்து வாரம் தொடவே இல்லை. பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தேன். திரும்ப எடுத்ததிலிருந்து குரூப் (அடிகள் சேர்ந்து விழும் கூட்டம்) முழுக்க டார்கெட்டைக் கடிகாரமாகப் பார்த்தால் ஏழு மணிப் பக்கம், எட்டாம் வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரியர் சைட்டை (பின்பக்கக் குறி) ஏற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாக இருந்தது, மறுபடி கீழே. லீவரை மூடும்போது முன்பு மாதிரி மல்லுக்கட்டவில்லை, லேசாகப் போகிறது. கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் தினமும் பம்ப் செய்து, பெல்லட் போடாமல் நூறு முறை அடிக்கிறேன், ட்ரை பிராக்டிஸ். சுத்தமாக இருக்கட்டும் என்று துரு கழற்றும் ஸ்பிரேயைப் பம்புக்குள் கொஞ்சம் அடித்தேன். எங்கே தப்பு செய்கிறேன்?

கோவை_வலதுகை

ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள். வலது கைக்காரர்களுக்கு ஏழு மணி என்றாலே அதுதான். கோச்சிடம் காட்டுங்கள்.

ரேஞ்ச்_சித்தப்பா

பாதி சரி. தம்பி, உங்களிடம் இரண்டு வியாதி இருக்கிறது, ஒன்றை ஒன்று மறைக்கிறது. “கீழே” என்பதையும் “இடப்பக்கம்” என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் கீழே. லீவர் லேசாகிவிட்டது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், விஷயமே அங்கேதான். இந்தப் பிஸ்டலில் லீவரை மூடும்போது கடைசியில் நன்றாக இறுக வேண்டும். இறுகவில்லை என்றால் பிஸ்டன் சீலை, அதாவது காற்றை அடைத்து வைக்கும் ரப்பரை, தாண்டிக் காற்று நழுவுகிறது. ஐந்து வாரம் சும்மா கிடந்ததில் சீல் காய்ந்திருக்கும். மிச்சம் இருந்த பசையையும் உங்கள் ஸ்பிரே கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்த ஸ்பிரே பூட்டுக்கும் சைக்கிள் செயினுக்கும் நல்லது, ரப்பருக்கு அல்ல.

கணக்கையும் பாருங்கள். நல்ல நிலையில் இந்த மாடல் பெல்லட்டை நொடிக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் தள்ளும். 10 மீட்டர் தாண்டுவதற்குள் பெல்லட் சுமார் 2.5 செ.மீ. இறங்கும், அதைச் சேர்த்துத்தான் சைட் வைத்திருப்போம். வேகம் 120 ஆகிவிட்டால் இறக்கம் 3.4 செ.மீ. ஆகும். ஏறக்குறைய 9 மி.மீ. கூடுதல். பத்து மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு வளையம் 8 மி.மீ. அதாவது கை ஆடாமலே ஒரு பாயின்ட் போச்சு. சைட்டை ஏற்றினால் இரண்டு நாள் சரியாவதும், சீல் இன்னும் காய்ந்ததும் மறுபடி இறங்குவதும் இதனால்தான்.

கிளப்பில் வேகம் அளக்கும் கருவி இருந்தால் பம்ப் செய்த உடனே ஐந்து ஷாட், பம்ப் செய்து ஒரு நிமிடம் கழித்து ஐந்து ஷாட் அளந்து பாருங்கள். எல்லாம் ரேஞ்சில், டார்கெட்டைப் பார்த்தபடிதான். இரண்டாவது ஐந்தில் வேகம் நன்றாகக் குறைந்தால் வால்வு கசிகிறது. இரண்டும் ஒரே அளவாகக் குறைவாக இருந்தால் பிஸ்டன் சீல் அல்லது பிரீச்சில் (பெல்லட் போடும் பின்வாய்) உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பிரீச்சா என்று தெரிய, பேரலின் பின்வாய் ஓரமாக ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுடுங்கள். பேப்பர் படபடத்தால் அந்த ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

பத்துமீட்டர்_புதுசு

சித்தப்பா, இன்று மாலை அளந்தோம். உடனே சுட்டாலும் 118, 119. ஒரு நிமிடம் கழித்தும் அதேதான். டிஷ்யூ அசையவில்லை. அப்படியானால் பிஸ்டன் சீல்தானே? கழற்ற பயமாக இருக்கிறது. வீட்டில் தையல் மெஷின் ஆயில் இருக்கிறது, விடலாமா?

ரேஞ்ச்_சித்தப்பா

தையல் மெஷின் ஆயிலை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அப்படிச் செய்தவரையும் பார்த்திருக்கிறேன். ரேஞ்ச் முழுக்க அவியல் வாசனை.

இப்போதைக்குக் கழற்றவும் வேண்டாம். லீவரை முழுக்க முன்னால் திறந்தால் பிஸ்டன் தெரியும். ஒட்டியிருக்கும் பழைய அழுக்கைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு, சுத்தமான சிலிகான் ஆயில் மூன்று சொட்டு சீலின் விளிம்பில் விடுங்கள். லீவரைப் பாதி வரை மெதுவாக இருபது தடவை போய் வரச் செய்து, ஒரு இரவு அப்படியே விடுங்கள். லீவரின் மூட்டு ஊசிகளுக்குத் தனியாகக் கொஞ்சம் கிரீஸ், அது பம்புக்குள் போகக்கூடாது. ஆயில் பேரலுக்குள் போனால் முதல் சில ஷாட் எங்கெங்கோ போகும், பயப்படாதீர்கள்.

பம்ப் அடிக்கும்போது லீவர் முழுக்கத் திறந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள், உள்ளே காற்று நிறைய வேண்டும். பிறகு ஒரே வீச்சில் மூடுங்கள். காற்று ஏற்றிய நிலையில் பிஸ்டலைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அப்படியும் 130-ஐத் தாண்டவில்லை என்றால் சீலை மாற்றியே ஆக வேண்டும்.

பேரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: தினமும் துடைக்காதீர்கள். ஐந்நூறு அறுநூறு பெல்லட்டுக்கு ஒருமுறை, தூண்டில் நரம்பில் சிறு துணி கட்டி, பின்னாலிருந்து வாய்ப்பக்கம் இழுத்தால் போதும். பித்தளைப் பிரஷ் வேண்டவே வேண்டாம். பெல்லட் ஈயம், கை கழுவிவிட்டு டிபன் சாப்பிடுங்கள்.

வெள்ளைச்சுவர்

இடப்பக்கம் என் பங்கு.

தம்பி, நீங்கள் செய்வது ட்ரை பிராக்டிஸ் இல்லை, காற்றாலை. நூறு தடவை பம்ப் அடித்து, களைத்த கையோடு ட்ரிகரை இழுத்துப் பழகுகிறீர்கள். இந்தப் பிஸ்டலில் பம்பே வேண்டாம். பின்பக்க மூடியைத் திறந்து மூடினாலே ட்ரிகர் செட் ஆகிவிடும், இழுத்தால் ‘க்ளிக்’. அவ்வளவுதான். ஆனால் ஆரம்பிக்கும் முன் பேரல் காலியா என்று ஒளி காட்டிப் பாருங்கள், பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும், சுவருக்கு அப்புறம் ஆள் நடமாட்டம் கூடாது.

டார்கெட் ஒட்டாதீர்கள். வெறும் வெள்ளைச் சுவர். கறுப்பு வட்டம் இருந்தால் கண் அங்கே ஓடிவிடும், வெறும் சுவர் என்றால் பார்க்க ஃப்ரண்ட் சைட்டை (முன்பக்கக் குறி) தவிர ஒன்றுமில்லை. பிஸ்டலை ஏற்றி, இறக்கி, நிலைத்து, ட்ரிகரின் முதல் கட்டத் தளர்வை எடுத்துவிட்டு, அப்புறம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். எட்டு நொடிக்குள் க்ளிக் விழவில்லையா, கையை இறக்கிவிடுங்கள். க்ளிக் ஆன பிறகும் இரண்டு எண்ணும் வரை அப்படியே நில்லுங்கள். முப்பது போதும். முப்பத்தொன்றாவது வெறும் சோர்வு.

போனை மேஜையில் வைத்து ஃப்ரண்ட் சைட்டை மட்டும் ஸ்லோ மோஷனில் எடுங்கள். க்ளிக்குக்கு முன்னாலேயே பிஸ்டலின் மூக்கு இடப்பக்கம் சாய்கிறதா பாருங்கள்.

கோவை_வலதுகை

இடையில் ஒரு சந்தேகம் அக்கா. என்னிடம் ஸ்பிரிங் வகை பிஸ்டலும் இருக்கிறது. அதிலும் இப்படிச் செய்யலாமா?

வெள்ளைச்சுவர்

கூடவே கூடாது. பெல்லட் இல்லாமல் விட்டால் முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். சிலிண்டர் காற்று மாடல்களில் ட்ரை செய்ய வசதி வைத்திருப்பார்கள், மேனுவலில் பாருங்கள். அந்தச் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள், மேலே தேதி இருக்கும், பழசு வாங்கினால் முதலில் அதைப் படியுங்கள்.

கருவி காலை வாருவது நமக்கு மட்டும் நடப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021-இல், பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நேரம் போனது. 575 எடுத்துப் பன்னிரண்டாவது. அதே போட்டியில் பாரிஸில், 2024-இல் வெண்கலம்.

பத்துமீட்டர்_புதுசு

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சிலிகான் ஆயில் கிடைக்க நாலு கடை ஏறி இறங்கினேன். இப்போது 136, 137 வருகிறது. லீவர் மறுபடி உள்ளங்கையை வலிக்க வைக்கிறது. ஏற்றிய ரியர் சைட்டைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன். குரூப் ஒன்பது மணிக்கு ஏறிவிட்டது. கீழே இல்லை, ஆனால் இடப்பக்கம் அப்படியே!

அக்கா சொன்ன வீடியோவும் எடுத்தேன். க்ளிக்குக்கு முன்னால் மூக்கு அரை நூல் இடப்பக்கம் நகர்கிறது. ஒவ்வொரு தடவையும். வெடுக்கென்று இழுப்பதாகவும் தெரியவில்லை, மெதுவாகத்தான் தள்ளுகிறது.

வெள்ளைச்சுவர்

மெதுவாகத் தள்ளுகிறது என்றால் விரலின் அடிப்பகுதி கிரிப் மரத்தில் உரசுகிறது. விரல் மடங்கும்போது மரத்தையும் சேர்த்து இடப்பக்கம் தள்ளும். பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு, விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பாருங்கள்.

பத்துமீட்டர்_புதுசு

நுழையவில்லை!

ரேஞ்ச்_சித்தப்பா

அந்தக் கிரிப் உங்கள் சீனியர் கைக்குச் செதுக்கியது தம்பி. கிரிப் ஸ்க்ரூவை முதலில் இறுக்குங்கள். அப்புறம் 120 நம்பர் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, நடுநடுவே டிக்கெட்டை விட்டுப் பாருங்கள். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, அவசரம் வேண்டாம்.

பத்துமீட்டர்_புதுசு

சரி சித்தப்பா. டிக்கெட் இப்போது பாதி வரை போகிறது. நேற்று வீட்டில் முப்பது க்ளிக்கில் பதினொன்றில் மூக்கு நகர்ந்தது, முன்பு முப்பதிலும் நகரும். சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன், டார்கெட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.