பக்கத்து நிலத்துக்காரர் வண்டித்தடத்தை உழுதுவிட்டார், மாட்டையும் பிடித்துக் கட்டியிருக்கிறார்: என்ன செய்யலாம்?

கீழக்காடு (கேள்வி):
வணக்கம். ரோட்டிலிருந்து எங்கள் காட்டுக்குப் போக, வடபுறத்து நிலத்தின் ஓரமாக ஒரு வண்டித்தடம் உண்டு. அப்பா காலத்தில் மாட்டுவண்டி போனது, இப்போது டிராக்டர் போகிறது. அந்த நிலத்தைப் புதிதாகக் கிரயம் வாங்கியவர் தடத்தைச் சேர்த்து உழுதுவிட்டு, வேலி போடக் கல்லுக்கால் இறக்கி வைத்திருக்கிறார், இன்னும் நடவில்லை. எங்கள் கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட' என்று எழுதியிருக்கிறது. அது போதுமா? வி.ஏ.ஓ.வைக் கேட்டால் "பட்டா நிலம், நான் தலையிட முடியாது" என்கிறார்.

இன்னொன்று. எங்கள் கறவை மாடு ஒன்று அவருடைய சோளத்தில் இறங்கிவிட்டது. நேற்று முன்தினம் பிடித்துக் கட்டியவர், பணம் வைத்தால்தான் அவிழ்ப்பேன் என்கிறார். அடுத்த தடவை மருந்து வைப்பேன் என்றும் சொல்கிறார். எது எதற்கு எங்கே போவது? தமிழ்நாட்டு நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலப்படம்:
பாதை விஷயத்தில் முதல் வேலை, அது எந்த வகைப் பாதை என்று கண்டுபிடிப்பது. அது தெரியாமல் மனு கொடுத்தால் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதுதான் மிஞ்சும்.

இரண்டு நிலத்துக்கும் புலப்படம் (எஃப்.எம்.பி., அதாவது சர்வே வரைபடம்), 'அ' பதிவேடு (சர்வே எண்வாரியாக நிலம் என்ன வகை என்று காட்டுவது) இரண்டையும் எடுங்கள். இணையத்திலேயே கிடைக்கும். தடத்துக்குத் தனி உட்பிரிவு எண் போட்டு, 'அ' பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றிருந்தால் அது அரசு நிலம். வி.ஏ.ஓ. சொன்னது அப்போது பொருந்தாது. தாசில்தாரிடம் 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றக் கேட்டு மனு கொடுங்கள். பிரிவு 7-ல் நோட்டீஸ், பிரிவு 6-ல் அகற்றும் உத்தரவு. மனுவோடு புலப்பட நகலை வைத்து, ஆக்கிரமித்த இடத்தை அதிலேயே குறித்துக் காட்டி, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மனு கிடப்பில் கிடந்தால், அதன் மீது உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட அந்தச் சீட்டு வேண்டும்.

அளவு பார்க்கும்போது கவனம். பழைய புலப்படங்களில் அளவு லிங்கில் இருக்கும், பிந்தியவற்றில் மீட்டரில். ஒரு லிங்க் 20.12 செ.மீ. பாதையின் அகலம் 16 லிங்க் என்றால் ஏறக்குறைய பத்தரை அடி. இதை 16 அடி என்று படித்துவிட்டு மனு எழுதி, சர்வேயர் வந்து அளந்ததும் மனு பொய்யாகிப் போவது நிறைய நடக்கிறது.

தனி எண் இல்லாமல், பட்டா நிலத்துக்குள்ளேயே விட்டு விட்டுப் போகும் இரட்டைக்கோடாகத் தடம் காட்டியிருந்தால், சர்வே செய்த காலத்தில் அங்கே தடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அதை வைத்துத் தாசில்தார் வேலியைப் பிடுங்க மாட்டார். அப்போது வழி சிவில் கோர்ட்தான்.

வாய்தா:
மேலே சொன்னது சரி. சிவில் பக்கத்தைச் சொல்கிறேன்.

'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்' என்பது ஏறக்குறைய எல்லாக் கிரயப் பத்திரத்திலும் எழுத்தர்கள் எழுதும் வரி. உங்களுக்கு விற்றவர் எழுதிக்கொடுத்தது பக்கத்துக்காரரைக் கட்டுப்படுத்தாது. அவருடைய நிலத்தின் தாய்ப்பத்திரத்திலோ, இரண்டு நிலமும் ஒன்றாக இருந்து பிரிந்த பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ இந்தத் தடம் சொல்லப்பட்டிருந்தால் வழக்கே வேறு. அவருடைய சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, ஆவண எண்ணைப் பிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை.

பத்திரம் கை கொடுக்காவிட்டால் 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் (பிறர் நிலத்தில் வழிநடை போன்ற உரிமைகளைப் பற்றியது) இருக்கிறது. பிரிவு 15-ன்படி 20 வருடம் வெளிப்படையாக, தகராறில்லாமல், உரிமையாக, இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் 30 வருடம். உங்களுக்கு முன் நிலத்தை வைத்திருந்தவர்கள் நடந்த காலமும் இதில் சேரும். அந்த 20 வருடம் தாவா (சிவில் வழக்கு) போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தடத்தை அடைத்த பிறகு பஞ்சாயத்துப் பேசிப் பேசி மூன்று வருடம் ஓட்டினால், ஐம்பது வருடம் நடந்த பாதையும் கைவிட்டுப் போகலாம்.

'உரிமையாக' என்ற சொல்லில்தான் பாதி வழக்கு விழுகிறது. "சொந்தக்காரங்க, கேட்டோம், விட்டாங்க" என்று சாட்சிக்கூண்டில் ஒரு வாக்கியம் வந்துவிட்டால் அது அனுமதி. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

தாவாவில் நடக்கும் மற்ற ஓட்டைகள்: பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் எவ்வளவு என்று தபசிலில் (சொத்து விவரப் பட்டியலில்) எழுதாமல் விடுவது. "பாதை எனக்குச் சொந்தம்" என்றும் "அவர் நிலத்தில் எனக்கு வழிநடை உரிமை" என்றும் ஒரே மூச்சில் கேட்பது. தன் நிலத்திலேயே தனக்கு வசதியுரிமை இருக்க முடியாது, ஆகவே இரண்டில் ஒன்றை வக்கீலோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். பிரிவு 28-ன்படி ஒருவகை வழியுரிமை இன்னொரு வகையைத் தராது. கால்நடையாகப் போனதை மட்டும் நிரூபித்தால் டிராக்டருக்கு வழி கிடைக்காது. வண்டி, டிராக்டர், அறுவடை இயந்திரம் என எது எப்போதிலிருந்து போகிறது என்று எழுத வேண்டும்.

கல்லுக்கால் இன்னும் நடவில்லை என்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். போடப்போகும் வேலியைத் தடுக்க இடைக்காலத் தடை கேட்பது, போட்ட வேலியை எடுக்கச் சொல்லிக் கேட்பதைவிட எவ்வளவோ எளிது. தாவாவோடு, கோர்ட் சார்பில் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனர் கேட்கும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள். உழவு போட்டாலும் தடம் இருந்த இடத்தில் மண் இறுகிக் கட்டியாகப் புரளும், இரு ஓரத்திலும் பழைய வரப்போ வேலிச்செடியோ நிற்கும். ஒரு மழைக்குப் பிறகு அடுத்த உழவும் ஓட்டிவிட்டால் அந்த அடையாளம் போய்விடும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களில் தடம் தெரிந்தால் எடுத்து வையுங்கள். மின்னணுச் சான்று என்பதால் 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63 சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும்.

தொழுவம்:
மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் இன்றைக்கே செய்ய வேண்டியது.

1871-ஆம் வருடக் கால்நடை அத்துமீறல் சட்டம் பிரிவு 10-ன்படி, பயிரில் இறங்கிச் சேதம் செய்யும் மாட்டைப் பிடிக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் கொண்டித்தொழுவில் விட வேண்டும். வீட்டில் கட்டிவைத்துப் பணம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. நேற்று முன்தினம் பிடித்தது என்றால் கெடு தாண்டிவிட்டது. பிரிவு 20-ன்படி, பிடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். நடைமுறையில், காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குவதுதான் மாடு சீக்கிரம் வீடு வர வழி. புகாரில் காதுத்தோட்டின் 12 இலக்க எண்ணை எழுதுங்கள். கறவை மாட்டை வேளைக்குக் கறக்காமல் விட்டால் மடிநோய் வரும், அதையும் புகாரில் சொல்லுங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக ஆள் திரட்டிப் போய் அவிழ்த்து வராதீர்கள். சட்டப்படி பிடித்த மாட்டைப் பலவந்தமாக மீட்டால் பிரிவு 24-ல் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நீங்கள் புகார்தாரராக இருந்த வழக்கில் எதிரியாகிவிடுவீர்கள்.

பயிர்ச்சேதம் உண்மை என்றால் நியாயமான ஈடு கொடுக்கத்தான் வேண்டும். எத்தனை வரிசை, பயிர் எந்தப் பருவம் என்று இரு தரப்பும் நின்று பார்த்து, கொடுத்த தொகைக்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மருந்து வைப்பேன் என்ற மிரட்டலையும் அதே புகாரில் எழுதுங்கள். நஞ்சு வைத்துக் கால்நடையைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-ல் ஐந்து வருடம் வரை சிறை உள்ள குற்றம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் இயற்கையாகவே ஹைட்ரோசயானிக் அமிலம் இருக்கும். மேய்ந்த மாடு சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்து செத்துவிடும். யாரும் மருந்து வைத்திருக்க வேண்டியதில்லை. எது நடந்தது என்று உடற்கூறு பரிசோதனைதான் சொல்லும். அதனால் மாடு இறந்தால் புதைக்காமல் அரசு கால்நடை மருத்துவரை அழையுங்கள். இரைப்பைச் சரக்கு, கல்லீரல், சிறுநீரகம் சீல் வைத்துப் போலீஸ் மூலமாக ஆய்வகம் போக வேண்டும். நீங்களே எடுத்துக்கொண்டு போனால் கோர்ட்டில் நிற்காது.

கீழக்காடு:
மிக்க நன்றி. இரண்டு நிலமும் ஒரே குடும்பத்தில் பாகம் பிரிந்ததுதான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தெற்கே ஓடைக்கரை வழியாக நடந்து வரலாம், வண்டி வராது. அது இருப்பதால் பாதிப்பா?

வாய்தா:
ஒரே குடும்பச் சொத்து பிரிந்தது என்றால் வசதியுரிமைச் சட்டம் பிரிவு 13-ன்படி 'தேவையால் எழும் வழியுரிமை' கேட்கலாம். 20 வருடக் கணக்கு இதற்கு வேண்டாம். வேறு வழி இருந்தால், அது சுற்றுவழியானாலும், இந்த வாதம் பலவீனப்படும். எதிர்த்தரப்பு ஓடைக்கரையைத்தான் காட்டும். அங்கே நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா, விவசாயத்துக்குப் பயன்படுமா என்று கமிஷனர் அறிக்கையில் வரச் செய்யுங்கள். பிரிவு 15-ஐயும் மாற்று வாதமாகச் சேருங்கள். தடம் எந்த ஓரத்தில் என்று முடிவுசெய்யும் உரிமை பிரிவு 14-ன்படி அவருக்கு உண்டு, உங்களுக்கு நியாயமான வசதியாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே அவர் கிழக்கோரத்தில் தருகிறேன் என்றால் உடனே மறுக்காதீர்கள். பேசி முடிந்தால் வெள்ளைத்தாளில் எழுதாமல் பதிவு செய்யுங்கள்.

கைகலப்பாகும் நிலை வந்தால் பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 166-ல் நிர்வாக நடுவரிடம் போகலாம். வருடம் முழுவதும் நடக்கும் பாதை என்றால், தகவல் அவருக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதில் நடந்திருக்க வேண்டும். கடைசியாக டிராக்டர் போன தேதியையும் ஓட்டுநர் பெயரையும் இப்போதே குறித்து வையுங்கள்.