மறு: பழைய போர்ஷே 996 கட்டுரை – 'ஐஎம்எஸ் பேரிங்' தமிழில் எப்படி?

> 'இண்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்' என்பதற்கு 'இடைநிலைத் தண்டுத் தாங்கி' என்று போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் பழைய 911 வாங்க நினைக்கும் நம்மவர்களுக்கான கட்டுரை, பழுதுச் செலவுதான் முக்கியம். சொல் சரியா?

வணக்கம்.

தண்டு சரி, தாங்கி சரி. 'இடைநிலை' மட்டும் வேண்டாம். இடைநிலைப் பள்ளி, இடைநிலை ஆசிரியர் என்று புழங்கிப் பழகியதால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மேலே ஒரு படி, கீழே ஒரு படி, நடுவில் இது என்றுதான் மனதில் விழும். இந்தத் தண்டு எந்தப் படிக்கும் நடுவில் இல்லை. 911இன் 996 என்ற தலைமுறையில் உள்ள எம்96 எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கு அடியில் கிடக்கிறது. கிராங்கிடமிருந்து ஒரு சங்கிலி வழியாகச் சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளில் ஒரு பக்கத்தவற்றுக்குத் தன் ஒரு முனையிலிருந்தும் மறுபக்கத்து கேம் தண்டுகளுக்கு மறுமுனையிலிருந்தும் வேறு சங்கிலிகளால் கொடுக்கிறது. இடைத்தரகர் மாதிரி, வாங்கிக் கொடுப்பதுதான் வேலை. எனவே 'இடைத்தண்டு' போதும், 'இடைத்தண்டுத் தாங்கி' என்று சேர்த்தாலும் வாயில் நுழைகிறது.

> பேரிங் என்றே விட்டுவிடலாமே? எந்த ஒர்க்‌ஷாப்பில் தாங்கி என்று கேட்கப் போகிறார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் பேசுவதற்கு பேரிங் போதும், நானும் அங்கே அப்படித்தான் பேசுவேன். கட்டுரைக்கு அது போதாது. காரணம், இந்தக் காரின் பிரச்சினையே எந்த வகை பேரிங் என்பதில்தான் இருக்கிறது. ஃப்ளைவீல் (கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரம்) பக்கத்து முனையில் போர்ஷே போட்டது இரு பக்கமும் மூடிய, உள்ளே கிரீஸ் அடைத்த பந்துத் தாங்கி, நம் ஊரில் பால்ரஸ் என்போமே அதேதான். நாளாக ஆக மூடியின் ரப்பர் இறுகி, எஞ்சின் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடுகிறது. ஆனால் போன ஆயில் சுற்றி வர வழியில்லை, உள்ளேயே கிடந்து கெட்டுப்போகிறது. குண்டுகள் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலி பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதோடு எஞ்சின் முடிந்தது. இதற்கு மாற்றாகச் சில அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் தீர்வுகளில் ஒன்று குண்டுகளே இல்லாதது, அழுத்தத்தில் வரும் ஆயில் படலத்தின் மேல் தண்டு வழுக்கிச் சுழலும். இரண்டையும் பேரிங் என்றே எழுதினால் படிப்பவர் எதை எதனால் மாற்றுகிறார்கள் என்று எப்படிப் புரிந்துகொள்வார்? 'பந்துத் தாங்கி', 'வழுக்குத் தாங்கி' என்று பிரித்து எழுதுங்கள். முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே பேரிங் என்றும் சொல்லிவிட்டால் யாருக்கும் குழப்பம் இருக்காது.

ஆண்டுக் கணக்கையும் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். ஏறத்தாழ 2000 வரை வந்தவற்றில் குண்டுகள் இரண்டு வரிசையாக உள்ள இரட்டை வரிசைத் தாங்கி, அப்புறம் 2005 வரை ஒற்றை வரிசை, அதுதான் மோசமானது. 2006 முதல் 2008 வரை வந்த அடுத்த தலைமுறையில் பெரிய தாங்கி வந்தது. அது அதிகம் உடைவதில்லை, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்கவும் முடியாது. அமெரிக்காவில் 2001–2005 மாடல்களுக்காக வாடிக்கையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கை ஒட்டி வெளிவந்த கணக்குப்படி பழுதாகும் விகிதம் ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம், இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த எண்களைச் சொல்லாமல் வெறும் பயத்தை மட்டும் எழுதினால் நல்ல கார்களையும் ஆட்கள் வேண்டாம் என்று ஒதுக்குவார்கள். 996 டர்போ, ஜிடி3 இரண்டிலும் எஞ்சினே வேறு, இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் ஒட்டுப் போட்ட கூலண்ட் குழாய் கழன்றுகொள்வது தனிக்கதை, அதைச் சரிசெய்ய எஞ்சினை இறக்க வேண்டும்.

> 'ரியர் மெயின் சீல்' = 'பின் முதன்மை அடைப்பு'

கிராங்க் தண்டின் முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் இது. இந்தப் பெயரைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். 911இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, கியர்பாக்ஸ் அதற்கு முன்னால். அதாவது ஃப்ளைவீல் பக்கம், இந்த சீல் இருக்கும் பக்கம், காரின் முன்புறத்தைப் பார்த்து நிற்கிறது! அதே எஞ்சின் குடும்பத்தை நடுவில் வைத்த பாக்ஸ்டரில் அது பின்னால் பார்க்கிறது. ஆங்கிலத்தில் எஞ்சினை மட்டும் மேசையில் வைத்துப் பெயரிட்டார்கள், நாமும் அந்தப் 'பின்'னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. 'கிளட்சுப் பக்க அடைப்பு' என்று வையுங்கள். அங்கிருந்து ஆயில் கசிவது இந்தக் கார்களில் மிகச் சாதாரணம். இடைத்தண்டுத் தாங்கி இருப்பதும் அதே பக்கம்தான் என்பது பெயரிலிருந்தே பிடிபடும், செலவை விளக்க அது பெரிய உதவி.

ஏனென்றால் இங்கே பணம் பொருளுக்குப் போவதை விடக் கூலிக்குத்தான் போகிறது. தாங்கி, கிளட்சுப் பக்க அடைப்பு, கிளட்ச், எதைத் தொட வேண்டுமென்றாலும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஒருமுறை இறக்கினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். தனியார் மெக்கானிக்கிடம் மொத்தமாக 3,000 டாலருக்கு மேல் ஆகும், நல்ல தாங்கியும் கிளட்சும் போட்டால் 5,000 வரை போகலாம். தாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தால் மாற்று எஞ்சினுக்கு 15,000, 20,000 என்று எண்ண வேண்டும், காரின் விலையே பல காலம் அந்த அளவில்தான் இருந்தது. வாங்கும்முன் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்து மினுமினுப்பாக உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

> 'போர் ஸ்கோரிங்' = 'துளைக் கீறல்'?

'துளை' வேண்டாம், படிப்பவர் ஓட்டை விழுந்ததாக நினைத்துக்கொள்வார். 'கீறல்' என்றால் கூரான ஏதோ ஒன்று ஒருதரம் இழுத்த மாதிரி இருக்கிறது. இங்கே நடப்பது வேறு. பிஸ்டன் பக்கவாட்டின் மேல்பூச்சு தேய்ந்து, உலோகம் உலோகத்தோடு நேரடியாக உரசி, சிலிண்டர் சுவரில் நீளவாட்டில் பல கோடுகள் விழுகின்றன. உரசி உரசித் தோல் வழன்றால் சிராய்ப்பு என்கிறோம், அதே சொல்தான் பொருந்தும்: 'சிலிண்டர் சிராய்ப்பு'. உருளை என்பவர்கள் 'உருளைச் சிராய்ப்பு' என்று எழுதட்டும், எனக்கு இரண்டும் சம்மதம்.

ஆனால் இந்த இடத்தில் சொல்லை விட விளக்கம் முக்கியம் என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் பைக்கிலும் லாரியிலும் பார்த்த பழக்கத்தில் "கோடு விழுந்தால் ரீபோர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிக்கலாம்" என்று சுலபமாக நினைப்பார்கள். இந்த எஞ்சினில் இரும்பு லைனர், அதாவது சிலிண்டருக்குள் செருகும் உறை, இல்லை. அலுமினியச் சுவரிலேயே சிலிக்கான் துகள்களை வார்த்துக் கடினப்படுத்தியிருக்கிறார்கள், லோகாசில் என்று பெயர். கடைந்தால் அந்தக் கடினத் தோல் போய்விடும் என்பதால், பிளாக்கைத் தனி எந்திரக் கடைக்கு அனுப்பிப் புது ஸ்லீவ் (உள்ளுறை) போட வேண்டும். எஞ்சின் முழுவதும் பிரித்துச் சேர்க்கும் வேலை, 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 3.6, 3.8 லிட்டர் எஞ்சின்களில் இதை அதிகம் பார்க்கிறார்கள், குளிர்ப் பிரதேசத்துக் கார்களில் இன்னும் கூடுதல். ஒரு பக்கத்து சைலன்சர் குழாயில் மட்டும் கருப்புப் புகைக்கரி, ஆயில் குறைந்துகொண்டே போவது, டிக் டிக் என்று ஒரு தட்டல் சத்தம், இவை கண்டால் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இடைத்தண்டை விட இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். தாங்கியை முன்கூட்டியே மாற்றிவிடலாம், சிராய்ப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை.

மற்றவை சின்னச் சின்னவை. கூலண்ட் தொட்டி விரிசல், இக்னிஷன் காயில் வெடிப்பு, முன் பம்பருக்குள் இலைச்சருகு சேர்ந்து ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அரிப்பது, இவற்றுக்குப் புழங்கும் சொற்களே போதும். தண்ணீர்ப் பம்பைப் பற்றி மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விசிறி உடைந்தால் துண்டுகள் கூலண்ட் வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

பாக்கி இருப்பது 'ஏர் ஆயில் செபரேட்டர்'. கிராங்க் அறையிலிருந்து வரும் ஆவியில் கலந்த ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்புவது அது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் ஆயில் காற்று வழியில் போய் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை மண்டிவிடும். 'காற்று எண்ணெய் பிரிப்பான்' என்றால் காற்றையும் எண்ணெயையும் சமமாகப் பிரிப்பது போல் இருக்கிறது. நான் 'ஆயில் ஆவிப் பிரிப்பி' என்று நினைத்தேன், 'ஆயில்' ஒட்டவில்லை, 'எண்ணெய்' என்றால் சமையலறை வாசம் அடிக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் யாராவது நல்ல சொல் சொல்லுங்கள். இடைத்தண்டு, கிளட்சுப் பக்க அடைப்பு, சிலிண்டர் சிராய்ப்பு மூன்றில் எதற்காவது மறுப்பு இருந்தால் கட்டுரை வெளிவரும் முன்பே எழுதிவிடுங்கள்.