பேட்டிக்கு நடுவே பாடிக் காட்டினால் ஒலி உடைகிறது, சுருதி குழைகிறது

நாலரைக்கட்டை:
கர்நாடக இசைக் கலைஞர்களை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே வைத்துப் பேட்டி எடுக்கும் பாட்காஸ்ட். ஆளுக்கொரு எஸ்எம்58 மைக், ஜூம் ஹெச்5 ரெக்கார்டர், மேசை ஸ்டாண்டு. பேச்சு நன்றாக விழுகிறது. "இப்படிப் பிடிக்கணும்" என்று பாடிக் காட்டினால் ஒலி உடைகிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சல் நீக்கும் ஃபில்டர்) போட்டால் சுருதிப்பெட்டி தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கேட்கிறது. பழைய கச்சேரிப் பதிவில் அரை நிமிடம் சேர்த்தால் சிக்கல் வருமா?

ஒலிப்பெட்டி:
ஒரே சீராக நீடிப்பதையெல்லாம் அந்த ஃபில்டர் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். மின்விசிறியும் ஒன்றுதான், சுருதியும் ஒன்றுதான். சுருதி போடும் முன் காலி அறையை 30 விநாடி பதிந்து, அதிலிருந்து நாய்ஸ் ப்ரொஃபைல் (எது இரைச்சல் என்று ஃபில்டருக்குக் காட்டும் மாதிரி) எடுங்க. பேச்சுத் துண்டுகளுக்கு மட்டும் 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும். பாட்டைத் தனி டிராக்கில் வெட்டிப் போட்டு, தொடாமல் விடுங்க.

முக்கியமா, பேசும்போது சுருதியை நிறுத்தச் சொல்லுங்க. அடியில் அது ஓடிக்கொண்டிருந்தால் ஒரு "ம்ம்"கூட வெட்ட முடியாது. வெட்டிய இடத்தில் தம்புரா மீட்டு எகிறும். பாட்டுக்கு முன்னும் பின்னும் 5 விநாடி சுருதி மட்டும் இருந்தால் ஃபேட் செய்ய (ஒலியை மெல்ல ஏற்றி இறக்க) வசதி.

80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழுள்ள தாழ் ஒலியை வெட்டும் ஃபில்டர்) பேச்சுக்குச் சரி. மிருதங்கம் வந்தால் எடுத்துடுங்க, தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்கி என்ற அடிநாதமே போய்விடும்.

தாரஸ்தாயி:
பேச்சை வைத்து கெயின் (மைக் ஒலியை ரெக்கார்டர் எவ்வளவு ஏற்றிப் பதியும் என்ற அளவு) வைப்பதுதான் தப்பு. தார ஸ்தாயிப் (மேல் ஸ்தாயி) பஞ்சமத்தை முழுக்குரலில் பிடிக்கச் சொல்லி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்க; பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடையும். பேச்சு தாழ்ந்து விழும், பரவாயில்லை. 24 பிட்டில் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்ததை ஒட்ட முடியாது. ஹெச்5 தலையில் இருக்கும் எக்ஸ்ஒய் மைக்கையும் குறைந்த கெயினில் ஓடவிடுங்க, காப்புக்கு.

மேசை ஸ்டாண்டைத் தூக்கிப் போடுங்க சார். மேசையில் தாளம் தட்டினால் ஒவ்வொரு தட்டும் தண்டு வழியாக ஏறி "தொம்" என்று விழும். தரையில் நிற்கும் ஸ்டாண்டுதான் சரி.

நாகஸ்வரத்துக்குப் பேச்சு மைக்கை நீட்டாதீங்க. ஒலி அணசில் (அடியில் விரியும் வாய்) மட்டுமில்லை, விரல்துளைகளிலும் வருகிறது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் தனி மைக். அந்த நேரம் உங்க மைக் மியூட்டில் இருக்கட்டும்.

கேசட்காலம்:
30 விநாடி வரை போடலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பாட்டு வேறு, பதிவு வேறு. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனை யாருக்கும் பொது. அதைப் பதிந்த லேபிளுக்கு (இசை நிறுவனத்துக்கு) வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆக அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. நேரில் பாடினாலும் அனுமதி வேணும். சபாவில் யாரோ பதிந்த கேசட்டும் இலவசமில்லை, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. விருந்தினரையே நாலு வரி பாடச் சொல்லுங்க. எங்கெங்கே வெளியிடுவீர்கள் என்று சொல்லி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டு ரெக்கார்டரை ஓடவிடுங்க.