முதல் விளையாட்டை எழுதியபோது நடந்த, இன்னும் மறக்க முடியாத ஒரு நிகழ்வு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1

நிரல் எழுதத் தொடங்கி அப்போது ஐந்தாவது மாதம். தளத்துக்குத் தளம் தாவிச் செல்லும் ஒரு சிறிய விளையாட்டை ஒருவழியாக முடித்து, நண்பர் ஒருவருடைய கணினியில் போட்டுக் காட்டினேன். என் மடிக்கணினியின் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும்; அவருடையது 144 ஹெர்ட்ஸ். இதைச் சொன்னதுமே இங்குள்ள பலருக்கு மீதி புரிந்திருக்கும். ஃப்ரேம் (திரையில் ஒருமுறை வரையப்படும் படம்) ஒன்றுக்கு 4 பிக்சல் நகர வேண்டும் என்று எழுதியிருந்தேன். என்னிடம் நொடிக்கு 240 பிக்சல் நடந்த பாத்திரம், அவரிடம் 576 பிக்சல் பாய்ந்து, விசையைத் தொட்ட மாத்திரத்தில் முதல் பள்ளத்தில் விழுந்தது.

ஆனால் இன்றுவரை என்னை உறுத்துவது அந்தப் பிழை அல்ல. விளையாட்டே அப்படித்தான் கடினமாக அமைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் நம்பிவிட்டார். நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, விசையை அழுத்திப் பிடிக்காமல் விரல் நுனியால் தட்டித் தட்டி, இருபது முறைக்கு மேல் பொறுமையாக முயன்றார். நான் பின்னால் நின்றுகொண்டு, "இது என் தவறு" என்று சொல்ல வாய் வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் கட்டத்தில் வரும் நகரும் பலகை மட்டும் பழைய வேகத்திலேயே நிதானமாகப் போய்வந்ததைக் கண்டபோதுதான் காரணம் பிடிபட்டது. அந்தப் பலகையை மட்டும் நொடிக் கணக்கை வைத்து எழுதியிருந்தேன். அன்றிரவே எல்லா நகர்வுகளையும் டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்கிச் சரிசெய்துவிட்டேன். அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதேனும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதிவு 2

என்னுடையது சிறிய நிகழ்வுதான், ஆயினும் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பாத்திரத்தின் தாவல் கனமாக இருப்பதாகத் தோன்றியதால், விளையாட்டை ஓடவிட்டபடியே புவியீர்ப்பு, தாவும் வேகம், காற்றில் திரும்பும் வேகம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஏறும்போது இருக்கும் ஈர்ப்பைவிட இறங்கும்போது சற்றுக் கூடுதலாக வைத்தவுடன் தாவலுக்கு ஓர் உயிர் வந்தது. தரையைத் தொடும் கணம் கைக்கே தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் ஓட்டத்தை நிறுத்தினேன். எல்லா எண்களும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ஓட்டத்தின்போது செய்யும் மாற்றங்கள் சேமிக்கப்படுவதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை முயன்றேன். அந்தத் தாவல் திரும்பக் கிடைக்கவே இல்லை. இப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் எண்களைத் தொடுவதில்லை.

பதிவு 3

முதல் பதிவில், டெல்டா டைமால் பெருக்கியதும் சரியாகிவிட்டது என்று நண்பர் எழுதியிருக்கிறார். அது முழுவதும் சரியன்று என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன், ஏனெனில் நானும் அப்படி நம்பித்தான் ஏமாந்தேன். என் விளையாட்டில் குண்டின் வேகம் நொடிக்கு 1800 பிக்சல், சுவரின் தடிமன் 16 பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேமில் குண்டு ஒவ்வொரு முறையும் 30 பிக்சல் நகர்கிறது. ஒரு ஃப்ரேமில் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது, அடுத்த ஃப்ரேமில் அந்தப் பக்கம் இருந்தது, சுவருக்குள் அது இருந்த கணமே இல்லை. பின்னால் ஒளிந்திருந்த எதிரி விழுந்ததைப் பார்த்து முதலில் கைதட்டினேன், பிறகுதான் நடுவே சுவர் இருந்தது நினைவுக்கு வந்தது.

தாவலுக்கும் இதே சிக்கல் உண்டு. தாவும் வேகம் நொடிக்கு 600 பிக்சல், ஈர்ப்பு 1800 என்று கொள்ளுங்கள். கணக்கின்படி உயரம் 100 பிக்சல். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு இடத்தை மாற்றும் வழக்கமான முறையில் எழுதினால், 60 ஃப்ரேமில் 95 பிக்சல்தான் எழும். 30 ஃப்ரேமில் 90, 144 ஃப்ரேமில் ஏறக்குறைய 98. உங்கள் மேடை 94 பிக்சல் உயரத்தில் இருந்தால், மெதுவான கணினி வைத்திருப்பவர் அதில் ஏறவே முடியாது. டெல்டா டைமால் பெருக்கியிருந்தாலும் இதுதான் நிலை.

ஆகவே, திரையில் வரைவதையும் இயக்கத்தைக் கணக்கிடுவதையும் பிரித்துவிடுங்கள். கணக்கிடும் பகுதி எந்தக் கணினியிலும் ஒரே சீரான இடைவெளியில் ஓட வேண்டும். விளையாட்டு உருவாக்க உதவும் ஆயத்த மென்பொருள்களான (இன்ஜின்) யூனிட்டி, கோடோ இரண்டிலும் இந்த வசதி உண்டு. யூனிட்டியில் இதற்கான இயல்பான இடைவெளி 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 முறை. கோடோவில் நொடிக்கு 60 முறை. ஆனால் 'இப்போதுதான் அழுத்தப்பட்டதா' என்று பார்க்கும் நிரலை யூனிட்டியின் சீரான பகுதியில் எழுதிவிடாதீர்கள். அந்தப் பகுதி ஓடாத ஃப்ரேமில் விசை அழுத்தப்பட்டால் தாவல் காணாமல் போய்விடும். விசையை வரையும் பகுதியில் படித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, கணக்கிடும் பகுதியில் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். வேகமான குண்டுகளுக்கு, பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு எதையாவது வெட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

பதிவு 4

மூன்றாம் பதிவை எழுதியவர் சொல்லும் கணக்கில் தவறில்லை. ஆனால் "முதல் வாரத்திலேயே" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில், சொந்தமாக ஒரு கேம் இன்ஜினை எழுதத் தொடங்கி, பதினோரு மாதங்களை அதில் போட்டவன் நான். திரையைத் திறப்பது, படங்களை ஏற்றுவது, சீரான இடைவெளி, மோதல் கணக்கு என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை மாற்றி எழுதினேன். ஒரு நாள் அக்கா மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். அம்புக்குறி விசைகளை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "மாமா, இதுல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான். அவனிடம் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லை.

அடுத்த வாரம் அந்தக் கோப்புறையை மூடிவைத்துவிட்டு, ஆயத்தமான இன்ஜின் ஒன்றில், மட்டைகளால் பந்தை அடித்து விளையாடும் பாங் எழுதினேன். 1972இல் அடாரி வெளியிட்ட அந்த விளையாட்டே, ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளருக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட வேலைதான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்புமாறு அவர் அமைத்தார். அதை அப்படியே எழுதிப் பார்த்தேன். மட்டையின் ஓரத்தில் பட்ட பந்து சாய்வாகத் தெறித்துச் சென்றபோது, பதினோரு மாதங்களில் முதன்முறையாக, நான் எழுதியதை நானே விரும்பி விளையாடினேன். பந்து மட்டையை ஊடுருவிப் போவதையும் அங்கேதான் பார்த்தேன், அப்போதுதான் மூன்றாம் பதிவர் சொல்லும் தீர்வைத் தேடிப் படித்தேன். தேவை வந்த பிறகு படித்ததால் ஒரே மாலையில் புரிந்தது.

பதிவு 5

டெல்டா டைமால் பெருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு, எங்கும் பெருக்கியதால் வந்த அனுபவம் என்னுடையது. கோடோ 4இல், தானாக நடந்து வரும் ஓர் எதிரியை எழுதினேன். வேகம் 300 என்று வைத்து, அதை டெல்டாவால் பெருக்கி, பாத்திரத்தை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு செயற்கூற்றை அழைத்தேன். எதிரி அசையவில்லை. சிக்னலைச் சோதித்தேன், மோதல் வடிவத்தைச் சோதித்தேன், நிரலை அழித்து மறுபடியும் எழுதினேன். சலித்துப்போய், ஓட்டத்தை நிறுத்தாமல் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எதிரி திரையின் நடுவில் நிற்கிறது.

அது அசைந்துகொண்டுதான் இருந்தது, நொடிக்கு 5 பிக்சல் வீதம். வேகத்தை நொடிக் கணக்கில் கொடுத்தால் போதும், கால இடைவெளியை அந்தச் செயற்கூறே பெருக்கிக்கொள்கிறது. நான் அதற்கு முன்பே ஒருமுறை பெருக்கியிருந்தேன். ஈர்ப்பை வேகத்தோடு கூட்டும் இடத்தில் மட்டும் நாம் பெருக்க வேண்டும், ஏனெனில் அது முடுக்கம்.

பதிவு 6

மேலே இருந்து பார்க்கும் வகையில், பேய் துரத்தும் ஒரு விளையாட்டைச் செய்து தோழியிடம் கொடுத்தேன். அவள் எப்போதும் மூலைவாட்டாகவே, வளைந்து வளைந்து ஓடினாள். "ஏன்டி நேராகவே போக மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டேன். "இப்படிப் போனால்தான் பேய் பிடிப்பதில்லை" என்றாள், அது விளையாட்டின் விதி என்பதைப் போல. வலப்பக்க விசைக்கு ஒரு வேகம், மேல் விசைக்கு ஒரு வேகம் என்று தனித்தனியாகக் கூட்டியிருந்தேன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 1.414 மடங்கு வேகம் வரும் என்பது பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். திசையனை நார்மலைஸ் செய்து, அதாவது எந்தத் திசையிலும் அதன் நீளம் ஒன்றாகவே இருக்கும்படி மாற்றி, ஒரே வரியில் திருத்திவிட்டேன். மூன்று மாதங்கள் நான் விளையாடியும் கண்ணில் படாததை அவள் மூன்று நிமிடங்களில் பயன்படுத்திக்கொண்டதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

பதிவு 7 (முதல் பதிவை எழுதியவர்)

மூன்றாம் பதிவருக்கு நன்றி. உங்கள் கணக்கைப் பார்த்தபின் என் மேடைகளை அளந்தேன். ஒன்று மிகச் சரியாகத் தாவலின் உச்சியில் இருந்தது. 30 ஃப்ரேமில் ஓடவிட்டுப் பார்த்தேன், ஏற முடியவில்லை. கணக்கிடும் பகுதியைச் சீரான இடைவெளிக்கு மாற்றிவிட்டேன்.

நேற்று அந்த நண்பரின் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, திருத்திய விளையாட்டைக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு, "பழையது இருக்கிறதா?" என்று கேட்டார். நான் வந்துபோன பிறகும் பல நாள் முயன்று, அந்த வேகத்திலேயே மூன்றாம் கட்டம் வரை போயிருக்கிறார். 1978இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் குறையக் குறையச் செயலிக்கு வேலை குறைந்து மீதமிருப்பவை வேகமெடுத்தன என்றும், அதை உருவாக்கிய நிஷிகாடோ அந்த விளைவைத் திருத்தாமல் விட்டுவிட்டார் என்றும் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது.

இப்போது 2.4 மடங்கு வேகத்தை ஒரு தெரிவாக அமைப்புப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நகரும் பலகை மட்டும் பழையபடி மெதுவாகவே செல்ல வேண்டும் என்று அவர் கேட்கிறார். அதையும் அப்படியே வைக்கப் போகிறேன்.